தண்ணீர் தேய்த்த செடி

எங்கள் வீட்டில் மூன்று விஞ்ஞானங்கள் ஒரே சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டன. நான் கோட்பாட்டு இயற்பியல். மனைவி, செடிகளுக்கு வரும் வைரஸ் நோய்களை ஆராய்பவள். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், டாக்டர். புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக் குழு ஒன்றில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கத்துக்கு வந்துவிடுவான். அக்கா சமையலுக்காக வருகிறான் என்று நான் நம்பினேன். என்னைக் கேலி செய்யத்தான் வருகிறான் என்பது பிறகு தெரிந்தது.

கேலிக்கு என் துறையே தோதாக இருந்தது. கருந்துளைக்குள் விழுந்த ஒரு பொருளைப் பற்றிய தகவல் அழிந்துபோகிறதா, இல்லை ஏதோ ஒரு வடிவில் வெளியே கசிகிறதா என்பது எங்கள் ஆட்களின் நெடுநாள் சண்டை. சமீப வருடங்களின் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் 'அழியாது' என்ற பக்கம் சாய்கின்றன. இதில் என் பங்களிப்பு என்னவென்றால், ஒரு பெரிய கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் என் பெயர் வந்தது. அதுவும் எழுத்துப்பிழையோடு.

"உள்ள விழுந்தது திரும்ப வருமா, வராதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க மாமா" என்பான் மச்சான்.

"கொள்கையளவில் வரும்."

"எப்போ?"

"பிரபஞ்சத்தோட வயசைவிடக் கொஞ்சம் கூட ஆகும்."

"அதுக்குள்ள சாம்பார் ஆறிடும். சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

அந்தக் 'கொள்கையளவில்' எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. கேஸ் புக் பண்ணியாச்சா? கொள்கையளவில். பால் வாங்கி வந்தீங்களா? கொள்கையளவில்.

அவளுடைய துறையோ தலைகீழ். நோய் வந்த செடிதான் அவளுக்கு நல்ல செடி. தாம்பரம் மார்க்கெட்டில் எல்லோரும் நல்ல வெண்டைக்காயாக உடைத்துப் பார்த்துப் பொறுக்கும்போது, இவள் மஞ்சள் பாய்ந்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்பாள். கடைக்காரர் இதைப் புரிந்துகொண்டு கழித்துப் போட்டதையெல்லாம் எங்கள் பையில் தள்ளினார். எங்கள் வீட்டுப் பொரியலின் தரத்துக்கு அதுவே காரணம்.

பக்கத்து வீட்டுக் கொல்லையில், எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு பப்பாளி மரம் இருந்தது. மரம் அக்காவுடையது. அக்கா என்று நாங்கள் கூப்பிடும் அந்த அம்மாளின் குடும்பம் இந்த ஊரின் பழைய குடும்பம். எங்கள் மனை, எதிர் மனை, அதற்கடுத்த மனை எல்லாம் அவர்கள் விற்றதுதான். அந்த உரிமையில், நாங்கள் எங்கே குப்பை கொட்டலாம், எப்போது மோட்டார் போடலாம் என்பதை இன்னும் அவரே தீர்மானித்து வந்தார்.

கடந்த சில வருடங்களில் எங்கள் பக்கத்துப் பப்பாளி மரங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. வளையப்புள்ளி வைரஸ். காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழும். புதிதாக வரும் இலை விரியாமல் நூலாகச் சுருங்கும். மரம் நின்றபடியே சாகும். அக்காவின் மரத்திலும் அந்தப் புள்ளி இருந்தது. ஆனால் லேசாக. மரமோ ஒன்றுமே நடக்காததுபோலக் காய்த்துக்கொண்டிருந்தது.

மனைவிக்குத் தூக்கம் போயிற்று. "அந்த மரத்துக்குள்ள இருக்கிறது சாதுவான வைரஸ்" என்றாள். "ஒரு சாது குடித்தனக்காரன் வீட்டுக்குள்ள இருந்தா, ரவுடி குடித்தனம் வர இடமில்லை. அவ்ளோதான்."

இந்த யோசனை அவளுடையதல்ல. உலகத்தில் வேறு இடங்களில் பப்பாளியிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் ரவுடியை அடக்க எங்கள் ஊர் சாதுதான் வேண்டும் என்பது அவள் வாதம். அக்கா மரத்துச் சாற்றை இளங்கன்றுகளின் இலையில் தேய்த்து, சாதுவைக் குடியேற்றி, பிறகு ரவுடியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கன்று நிற்கிறதா, விழுகிறதா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

மொட்டை மாடியில் பழைய கொசுவலையைக் கட்டி அதற்குள் பப்பாளிக் கன்றுகளைத் தொட்டிகளில் வளர்த்தாள். வைரஸைச் சுமந்து வரும் அசுவினிப் பூச்சி உள்ளே வரக் கூடாது. எங்களைக் கடிக்கும் கொசுவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வலை செடிகளுக்குப் போய்விட்டது. இலை கேட்டபோது அக்கா ஒரே ஒரு இலையை, அதுவும் பழுத்ததாகப் பார்த்துக் கொடுத்தார். "காய்க்கிற மரத்துல கை வெச்சா கண்ணு பட்டுடும் டீச்சர்" என்றார். என் மனைவி அவருக்கு டீச்சர்.

கன்றுகள் தயாரான சமயத்தில்தான் என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது.

மச்சான் நோயாளிகளிடம் சதவீதக் கணக்கில் பேசிப் பழகியவன். தன் அக்காவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேலையூரில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையைப் பற்றி வெகுநேரம் பேசினான். அதிலிருந்தே எனக்குப் புரிந்தது. சிகிச்சை தொடங்கியதும் தடைகளைச் சொன்னான். பச்சையாக எதுவும் சாப்பிடக் கூடாது. மண்ணைத் தொடக் கூடாது. செடி பக்கமே போகக் கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு. ஒரு சின்னக் கிருமி போதும்.

"டேய், என் வேலையே மண்ணும் செடியும் கிருமியும்தான்டா" என்றாள்.

"தெரியும்க்கா. அதான் மொத்தமா லீவு."

மாடியறைக்கு அவள் படுக்கையை மாற்றினோம். அங்கிருந்து மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே கொசுவலை தெரியும்.

ஒரு நாள் காலையில் அக்கா வந்தார். கையில் சில்வர் டம்ளர், மேலே ஒரு தட்டு மூடி.

"இன்னா சார், டீச்சருக்கு பிளேட்டு அணு கொறஞ்சிபூட்ச்சாமே? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது? எங்க வூட்டுக்காரருக்கு டெங்கு வந்தப்போ இதான் குடுத்தேன். எயுந்து குந்திகினாரு."

திறந்து பார்த்தால் பப்பாளி இலைச் சாறு. பச்சைப் பசேலென்று, பார்த்தாலே நாக்கு கசந்தது.

"எந்த மரத்துலக்கா பறிச்சீங்க?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள் மனைவி.

"நம்ம மரந்தான். வேற எங்க கீது? தெரு பூரா பூட்சே."

கண்ணு பட்டுவிடும் என்று ஒரு பழுத்த இலைக்கு மேல் தராத அக்கா, கொழுந்து இலையாகப் பார்த்து ஒரு கை பறித்திருந்தார். ஆராய்ச்சிக்குக் கிடைக்காத இலை இப்படி வந்ததை அவள் தாங்க மாட்டாள் என்று நினைத்து நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் பல வாரங்களாகக் காணாத ஒரு திருட்டுக் களை.

"இதுல தேன் போட்டிருக்கீங்களாக்கா?"

"கசக்குமேன்னு ஒரு ஸ்பூனு."

"நாளைலேர்ந்து தேன் வேணாம்."

"சுகரா?"

மனைவி தலையை ஆட்டினாள். அன்று மாலைக்குள் டீச்சருக்குச் சுகரும் சேர்ந்துகொண்டதாகத் தெரு முழுக்கச் செய்தி.

"அப்புறம், மிக்சில அடிக்காதீங்கக்கா. அம்மில அரைங்க. வெயில் ஏறுறதுக்குள்ள."

"பாத்தியா சார், படிச்சவங்களே அம்மின்றாங்க" என்று அக்கா சந்தோஷமாகப் போனார்.

"மிக்சி சூடாக்கிடும், வைரஸ் வீணாயிடும்" என்றாள் மனைவி, அக்கா படியிறங்கும் சத்தம் அடங்கியதும். "கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. செடிக்கு சாறு வந்துடுச்சு."

"அப்போ நீ குடிக்கப் போறதில்லையா?"

"பச்சைச் சாறு. என்னைக் கொல்லவா பாக்குறீங்க? அதுக்கு ஏற்கெனவே ஆள் போட்டாச்சு."

இப்படித்தான், பல வருடங்களாகச் சாக்பீஸைத் தவிர வேறு எந்தக் கருவியையும் பிடிக்காத நான் பரிசோதனை விஞ்ஞானி ஆனேன். அவள் கண்ணாடிக்கு உள்ளே. நான் கண்ணாடிக்கு வெளியே, கொசுவலைக்குள், உட்கார்ந்தபடி. நடுவில் நாலடி தூரம். செல்ஃபோனில் பேசினோம். தொட்டி ஓரத்தில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருப்பேன்.

இலைமேல் நுண்ணிய உராய்வுத் தூளைத் தூவ வேண்டும். சாற்றில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு விழும். அந்த வழியே வைரஸ் நுழையும். பிறகு தண்ணீர் விட்டு அலச வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் நான் தேய்த்த தேய்ப்பில் இலை கிழிந்தது. கதவைத் திறந்துவிடச் சொன்னால் சுவரையே இடித்துவிட்டேன்.

"அழுத்தாதீங்க!" ஃபோனில் சத்தம். "இலையா அது, தோசைக்கல்லா?"

"தோசைக்கல் நான்தானே தேய்க்கிறேன். பழக்க தோஷம்."

"அதுலயும் கரி போறதில்ல."

ஒரு முறை தேய்த்தால் போதுமானது. என் கைக்குப் பல காலைகள் தேவைப்பட்டன. அக்கா தினமும் சாறு கொண்டுவந்தார். "அணு ஏறிச்சா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போவார். ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த மறுநாள் எண்ணிக்கை நிஜமாகவே ஏறியிருந்தது. அக்கா தெருவில் நாலு பேரிடம் சொல்லி, அதில் இருவர் இலை கேட்டு வர, இருவரையும் விரட்டியடித்தார். "டீச்சருக்கே பத்தல."

சில தொட்டிகளை மட்டும் தனியாக வைத்து, அவற்றில் சாறு தொடாமல் வெறும் தண்ணீரைத் தேய்க்கச் சொன்னாள்.

"இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. ரவுடி வர்றப்போ இதுங்க விழணும். இதுங்க விழுந்தாதான் மத்ததுங்க நின்னதுக்கு அர்த்தம்."

எனக்கு அந்தத் தண்ணீர் தேய்த்த செடிகள் மேல் பாசம் வந்துவிட்டது. அவற்றுக்கு மட்டும் அழுத்தாமல் தேய்த்தேன். அவள் பார்த்துவிட்டாள். "பாரபட்சம் காட்டாதீங்க ப்ரொபசர். எல்லாத்தையும் ஒரே மாதிரி கிழிங்க" என்றாள்.

ஒரு ஞாயிறு மச்சான் வந்தான். சாப்பிடாமல் நேராக மாடிக்குப் போனான். நோயாளியின் சொந்த அணுக்களையே வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, மறுபடி உடம்புக்குள் அனுப்பும் புதிய சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதையொட்டிய ஓர் ஆராய்ச்சியில் தன் அக்காவைச் சேர்க்க அவன் பல நாளாக முட்டிக்கொண்டிருந்தான். முடியவில்லை. முதலில் கொடுத்த மருந்துகளில் அவளுடைய இதயம் பலவீனமாகிவிட்டது. விதிப்படி சேர்க்க மாட்டார்கள். அந்த விதியை எழுதியவர்களில் அவனும் ஒருவன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தொட்டிகளைப் பார்த்தாள்.

"தண்ணி தேய்க்கிற தொட்டியாக்கூடச் சேத்துக்க மாட்டாங்களாடா?"

அவன் எழுந்து அறையை விட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். கொசுவலைக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தான். வலை மறைக்கும் என்று நினைத்திருப்பான் போல. உள்ளேயிருந்து எல்லாம் தெரிந்தது.

அதற்கடுத்து வந்த ஒரு காலையில், சாறு தேய்த்த செடியொன்றின் புது இலையில் நரம்புகளுக்கு நடுவே லேசான வெளுப்பு. தொட்டியைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து மூக்கு படும்படி பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு நோயாளி இலை.

"ஒட்டிக்கிச்சு" என்றாள். ஃபோன் தேவைப்படவில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்தது. நான் நின்ற இடத்திலேயே ஆடியதில் தொட்டி மண் பாதி என் சட்டைக்குள் போனது.

அந்த இலைகள் இன்னும் பெரிதாகிக் கன்று தேறினால்தான் ரவுடியை விட முடியும். அதற்குள் அவளை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. திரும்பி வரும்போது, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மச்சான் தடைகளையெல்லாம் எடுத்துவிட்டான். என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அவன் சொன்ன விதத்தைக் கேட்டபோது, தடைகள் இருந்த நாட்கள் எவ்வளவு நல்ல நாட்கள் என்று தோன்றியது.

மறுநாள் அக்கா டம்ளரோடு வந்தபோது மனைவி கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. இங்கயே குடிக்கிறேன்."

ஒரு வாய் குடித்தாள். முகம் கோணலாகப் போனது. கண்ணில் நீர். நான் தண்ணீர் கொடுத்தேன். என் காதோரம் மட்டும் கேட்கும்படி, "இதையா அந்தச் செடிங்களுக்குக் குடுத்தோம்? பாவம்" என்றாள்.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டார். "அணு ஏறிச்சா?" என்று அன்று கேட்கவில்லை.

சில நாட்களில் அவள் போய்விட்டாள். காலை நேரம், ஜன்னலில் வெயில் ஏறியிருக்கவில்லை. தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேனா என்று அதற்கு முன் கேட்டிருந்தாள். கொள்கையளவில் என்று நான் சொன்னேன். சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சிரித்ததாகவே வைத்திருக்கிறேன்.

மயானத்தில் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எரிந்துபோன ஒரு பொருளைப் பற்றிய தகவல் அத்தனையும் புகையிலும் சாம்பலிலும் வெளியேறிய வெப்பத்திலும் இருக்கிறது, ஒன்றும் அழிவதில்லை, சேர்த்துப் பார்த்தால் மீட்டுவிடலாம். என் துறை இதைத்தான் சொல்கிறது. வகுப்பில் எத்தனையோ முறை நானே சொல்லியிருக்கிறேன். "கொள்கையளவில்" என்று முணுமுணுத்தேன் போலிருக்கிறது. மச்சான் திரும்பிப் பார்த்தான். சாம்பார் ஆறிடும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு காலையில் மணி அடித்தது. அக்கா. கையில் அதே டம்ளர், அதே தட்டு.

"என்னக்கா இது?"

"சாறு."

"இனிமே யாருக்குக்கா..."

"செடிக்கு சார்." உள்ளே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். "எனக்குத் தெர்யாதுன்னு நெனச்சிகினீங்களா? அன்னிக்கு டீச்சர் மூஞ்ச சுளிச்சாங்க பாரு, அப்பவே புரிஞ்சிபோச்சி. தெனம் குடிக்கிற ஆளு அப்டியா சுளிக்கும்? அப்பால நம்ம மாடிலேர்ந்து எட்டிப் பாத்தா, நீங்க செடிக்கு பவுடர் போட்டுகினு கீறீங்க."

"கோவமாக்கா?"

"செடிக்குன்னு சொல்லியிருந்தா இன்னும் நாலு இல சேத்துப் பறிச்சிருப்பேனே. நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார். "குடிச்சிருந்தா பொயச்சிருப்பாங்களா சார்?"

என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னதில்லை. மச்சானைக் கேட்டால் தெரியும்.

"இல்லக்கா" என்றேன்.

செடிகளுக்கு இனிச் சாறு தேவையில்லை என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு தேய்த்தேன். அக்கா கொசுவலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மழை பிடித்தது. அக்கா கொல்லையில் தண்ணீர் நின்றது. இலையெல்லாம் எனக்கே கொடுத்து மொட்டையாகியிருந்த மரம் அடியில் அழுகிச் சாய்ந்தது. அந்த சாது இப்போது எங்கள் மாடித் தொட்டிகளில் மட்டும்தான்.

கன்றுகள் தேறிவிட்டன. ரவுடியை விட வேண்டிய நேரம். நான் நாளைத் தள்ளினேன். விட்டுப் பார்க்காதவரை அவளுடைய செடிகள் எல்லாம் பிழைக்கக்கூடிய செடிகள்தான். விட்டபிறகு சில விழலாம். எல்லாமே விழலாம். தெரிந்துகொள்ளாமலே காலத்தை ஓட்டுவதில் எங்கள் துறைக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

"மாமா, பண்ணிடுங்க" என்றான் மச்சான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டலில் வாங்கிய சாம்பாரை ஊற்றிக்கொண்டு. "அவ நிக்குமா விழுமான்னு தெரிஞ்சுக்கணும்னுதான் ஆசைப்பட்டா. நிக்கணும்னு ஆசைப்படல."

அது உண்மை. அவள் என்னைவிட நல்ல விஞ்ஞானி.

அவள் சொல்லியிருந்தபடி சாது ஏறிய தொட்டிகளில் சிலவற்றை, சாது அழியாமல் இருக்க, ரவுடி தொடாமல் மச்சான் வீட்டு மாடிக்கு அனுப்பினேன். ஏரிக்குப் போகும் தெருவில் செத்துக்கொண்டிருந்த ஒரு மரத்தின் இலையை அக்கா பறித்து வந்து, அம்மியில் அரைத்துக் கொடுத்தார். மீதி எல்லாத் தொட்டிகளிலும் தேய்த்தேன்; தண்ணீர் தேய்த்தவற்றிலும், பாரபட்சம் இல்லாமல்.

தினமும் காலையில் போய்ப் புது இலை விரிகிறதா, நூலாகிறதா என்று பார்த்தோம். தண்ணீர் தேய்த்த செடிகள்தான் முதலில் நூலாயின. ஒன்று, பிறகு அடுத்தது, பிறகு எல்லாமே. அவற்றைப் பிடுங்க முதல் தொட்டியைக் கையில் எடுத்தபடியே நின்றேன். அக்கா வாங்கிப் பிடுங்கினார். சாறு தேய்த்தவற்றில் ஒன்று விழுந்தது. மற்றவற்றின் இலைகள் லேசான புள்ளியோடு, கை விரித்ததுபோல விரிந்தன.

நான் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். உள்ளே காலியாக இருந்த கட்டிலில் மச்சானின் ஹெல்மெட் இருந்தது.

"ஜெயிச்சிச்சா சார்?" என்றார் அக்கா, பின்னாலிருந்து.

"இத்தனை செடிய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்லுவா. இன்னும் நிறைய வெச்சுப் பாக்கணும்னு."

"அப்ப வெய்யி."

மரம் சாய்வதற்கு முன் பறித்த கடைசிப் பழத்தின் விதைகளை அக்கா காயவைத்திருந்தார். அவை இப்போது முளைத்து இலை விட்டிருக்கின்றன. அந்த வைரஸ் விதை வழியாகப் போகாது. தாய்மரத்தின் விதையே ஆனாலும் கன்று வெறுமையாகத்தான் பிறக்கும். ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து கையால் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்று காலை கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பழக்கத்தில் ஃபோனை எடுத்துத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டேன். வைத்த பிறகு எடுக்கத் தோன்றவில்லை. மச்சான் வீட்டு மாடியிலிருந்து கொண்டுவந்த சாது இலையின் சாற்றில் பஞ்சை நனைத்து முதல் இலையில் தேய்த்தேன்.

அழுத்தவில்லை.